நவத்தின் மூன்றாவது பிக்கப்

மட்டக்களப்புக்கு நான் கொண்டுபோன பையில் துணிமணி குறைவு. நாமக்கல்லில் வாங்கிய பிஸ்டன் ரிங், நாசில், கேஸ்கெட், பம்புக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள், நவத்தின் மனைவிக்கு ஒரு சேலை. கொழும்பில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைத் தெருவில் ஒரு டர்போவையும் பேரம் பேசி வாங்கி அதே பையில் சேலைக்குள் சுற்றி வைத்தேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தார்கள். என் பையைத் திறந்த சிப்பாய் சேலையைப் பிரித்தான். உள்ளே நத்தை ஓடு போல் சுருண்ட இரும்பு. அவன் ஒரு அடி பின்னால் போனான். என் பின்னால் நின்ற பெண்மணி சிங்களத்தில் ஏதோ விளக்கினார். பிறகு என்னிடம், "என்ன சாமான் எண்டு கேக்கிறார்" என்றார்.

"எஞ்சினுக்குக் கூடுதலாக் காத்து ஊதற சாமான்னு சொல்லுங்கம்மா."

சிப்பாய் அதைக் கையில் எடுத்து வாயால் ஊதிப் பார்த்தான். உள்ளே சக்கரம் விர்ரென்று சுழன்றது. முகம் மலர்ந்துவிட்டது. இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனும் ஊதினான். "சங்கு மாதிரி இருக்காம், கோயிலுக்கா கொண்டு போறீங்க எண்டு கேக்கிறார்" என்று அந்த அம்மா மொழிபெயர்த்தார். பஸ் முழுக்க எனக்காகக் காத்திருந்தது. எங்கள் ஊரில் இவ்வளவு நேரம் பஸ் நின்றால் கண்டக்டரின் பரம்பரையே இழுபட்டிருக்கும். இங்கே ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்தது. அது பொறுமை இல்லை, பழக்கம் என்பது பிறகுதான் புரிந்தது.

நவம் என்கிற நவரத்தினமும் நானும் மஸ்கட்டில் ஒரே கராஜில் வேலை செய்தவர்கள், ஒரே அறையில் படுத்தவர்கள். ஊர் திரும்பியபின் அவன், வாவி என்று அவர்கள் சொல்லும் உப்பங்கழிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம், நெல்லும் இறாலும் வாங்கி ஏற்றி விற்கும் தொழிலில் இறங்கினான். போர்நிறுத்தம் வந்து சாவடிகள் கொஞ்சம் தளர்ந்த நாட்கள் அவை. ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். "மச்சான், எஞ்சின் சாகப் போகுது. இஞ்சயும் செய்யிற ஆக்கள் இருக்காங்கதான். ஆனா நீ வந்து தொட்டா எனக்கு நித்திரை வரும்." அதற்குத்தான் இந்தப் பயணம்.

பஸ் நிறுத்தத்தில் அவன் பிக்கப்போடு நின்றான். வண்டியைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ஒரு கதவு பச்சை, மற்றது வெள்ளை. பின் பலகையைக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தான். கிலோமீட்டர் காட்டும் எண்கள் ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்து, இரண்டாம் சுற்றில் எங்கேயோ அசந்து நின்றுபோயிருந்தன. ஆனால் அடிச்சட்டம் கல் போல இருந்தது. ஒரு காலத்தில் மலைப்பாதைகளுக்கென்றே செய்த வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். இன்னொரு ஆயுளுக்குத் தாங்கும்.

இரவுச் சாப்பாடு பிட்டு, இறால் குழம்பு, எருமைத் தயிர். தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நவத்தின் மனைவி யோகா கேட்டாள்.

"அண்ணன், ஒண்டு சொல்லட்டா? வண்டிய ஓடுற அளவுக்கு மட்டும் செஞ்சு குடுங்க. சரியான நல்லாக்கிப் போடாதீங்க."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"முதல் வண்டி புதுசு. ரெண்டு நாளைக்கெண்டு கேட்டாங்க, இன்னும் வரல்ல. ரெண்டாவது திரும்பி வந்திச்சு, எஞ்சின் இல்லாம. இது வடிவில்லாத வண்டி. அதாலதான் எங்களோட இருக்கு."

"யாரு கேட்டாங்க?"

நவம் தயிரைப் பிசைந்துகொண்டே சொன்னான். "ஆரெண்டு இல்ல மச்சான். இஞ்ச எல்லாரும் ஒவ்வொரு காலத்தில கேட்டிருக்காங்க. இடுப்பில துவக்கு வச்சிருக்கிறவன் கேட்டா நாம பேர் விசாரிக்கிறல்ல." பிறகு யோகாவைப் பார்த்தான். "ஆனா போன மாரியில அந்தப் புள்ளத்தாச்சியக் கொண்டு போகக்குள்ள, பாதி வழியில வண்டிக்குள்ளயே புள்ள பிறந்திச்சு. அதயும் சொல்லு அண்ணனுக்கு." அந்த ஊரில் வேறு வண்டி இல்லை.

யோகா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இருவரும் சொன்னது சரி. அது அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மனம் ஏற்கெனவே எஞ்சினுக்குள் போயிருந்தது.

மறுநாள் ஏறாவூருக்குப் போனோம். அங்கே ஹனீபா காக்காவின் கராஜில் எஞ்சினைத் தூக்கி இறக்க வசதி இருந்தது. 'காக்கா' என்றால் அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல். என்னை முதல் நாளே அப்படிக் கூப்பிட வைத்துவிட்டார். தகரம் அடிபடும் சத்தம், வெல்டிங் பொறி, பக்கத்துக் கடையின் வானொலி, எல்லாம் எங்கள் நாமக்கல் பட்டறைத் தெரு போலவே. ஒரு வித்தியாசம், எங்கள் ஊரில் வண்டிக்காரன் பட்டறையிலேயே படுத்துக் கிடப்பான். இங்கே பின்னேரம் ஆனதும் எல்லோரும் அவசரமாகக் கிளம்பினார்கள்.

"சண்டைக் காலத்தில எப்படிக் காக்கா தொழில் நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"கொஞ்சக் காலம் தமிழாக்கள் இஞ்ச வாறல்ல, நாங்க அங்க போறல்ல. ரெண்டு பக்கத்திலயும் மையித்து விழுந்த காலம்" என்றார். மையித்து என்றால் அவர்கள் பேச்சில் பிணம். "ஆனா எஞ்சின் மட்டும் வந்திச்சு மகன். ஆள் வராம, எஞ்சினக் கழட்டி லொறியில போட்டு அனுப்புவாங்க. நான் செஞ்சு திருப்பி அனுப்புவன். ஆருட எண்டு கூடத் தெரியாது. காசு மட்டும் ஒழுங்கா வந்திரும்." மதியம் அவர் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் கோழிக்கறியும் வந்தன. எஞ்சின் எண்ணெய் மணக்கும் கையோடு, ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எஞ்சினைத் திறந்தபோது ரிங்குகள் கத்தி போலத் தேய்ந்திருந்தன. இருந்தும் கிராங்க் நேராக இருந்தது, அதற்காக நவத்தைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எண்ணெய் மாற்றுவதில் அவன் ஒருநாளும் கஞ்சத்தனம் செய்யாதவன். புது ரிங் போட்டு, ஹெட்டைச் சமப்படுத்தி, பம்பைப் பிரித்துக் கழுவிப் பூட்டினோம். டர்போவை உட்காரவைக்கக் காக்கா பழைய குழாய்களை வெட்டி ஒட்டினார். பெரிய ரேடியேட்டர் ஒன்றைப் பொருத்தினோம். பின்பக்கம் சுமை தாங்க இன்னொரு ஸ்பிரிங் பட்டை சேர்த்தேன். வெள்ளத்தில் போனாலும் தண்ணீர் குடிக்காதபடி, காற்று இழுக்கும் குழாயைக் கண்ணாடியின் உயரத்துக்கு ஏற்றினேன். ஏறாவூர்க் கடையில் நீல பெயின்ட் ஒரு டின் வாங்கினேன். நவம் அதை என் கையிலிருந்து வாங்கிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

எஞ்சின் முதல்முறை எழுந்தபோது காக்கா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நவம் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். டர்போ மெல்லிய விசில் ஊதியது. வெளி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வயல்கள் இருபுறமும் பின்னால் ஓடின. அறுவடைக் காலம், காற்றில் வைக்கோல் மணம். நவத்தின் கண் நனைந்திருந்தது. மஸ்கட்டில் முதலாளி வண்டிகளை நாங்கள் எவ்வளவோ சரிசெய்திருக்கிறோம். எங்களுடையது என்று ஒன்றைச் செய்தது அதுதான் முதல்முறை.

அதற்கு அடுத்த நாள் நெல் ஏற்றிக்கொண்டு வாவிக்குக் கிழக்கே போனோம். கூட வந்தவன் தங்கராசா, நவத்தின் அயல்வீட்டு விவசாயி. வாய் ஓயாதவன். டர்போ விசிலடிக்கும்போதெல்லாம் தானும் விசிலடித்தான். நெல்லை இறக்கி, திரும்புகையில் அரிசியும் சீமெந்தும் ஏற்றினோம்.

"போகக்குள்ள பாதையால போவம்" என்றான் நவம்.

"இவ்வளவு நேரம் எதுல வந்தோம்?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாவியைக் கடக்கும் மிதவைக்கு அங்கே 'பாதை' என்று பெயராம். மண்முனையில் அதைப் பார்த்தேன். படகுகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்தது. ஒரு டிராக்டர், இரண்டு மோட்டார் சைக்கிள், சந்தைக்குப் போய் வந்த பெண்கள், ஒரு கட்டு வாழைக்குலை, நாங்கள். வாவி தகரத் தகடு போலக் கிடந்தது. நடுவில் தங்கராசா, "பார்த்துக் கொள்ளுங்க அண்ணன், இந்தத் தண்ணி இல்லாட்டி ரெண்டு கரையும் ஒண்டு" என்றான்.

மேற்குக் கரையில் இறங்கும் இடம் ஈரச் சேறு. டிராக்டர் வழுக்கிக் கொண்டே இருந்தது, ஆட்கள் தள்ளி ஏற்றினார்கள். அதே ஆட்கள் எங்களைத் தள்ளக் கிட்டே வந்தார்கள். அவர்கள் கை வைப்பதற்குள் பிக்கப் முழுச் சுமையோடு விசிலடித்துக்கொண்டு கரையேறிவிட்டது. யாரோ கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மரத்தடியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவன் மட்டும் கைதட்டவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"நல்ல வண்டி. ஆருட?"

"என்டதான்" என்றான் நவம். அவன் குரல் இறங்கியிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அந்த மனிதன் வீட்டுக்கே வந்தான். மரியாதையானவன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். யோகா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தான். "அண்ணன், ஒரு அலுவல் இருக்கு. நாளைக்கு விடிய வெள்ளெண வந்து வண்டிய எடுக்கிறம். முடிஞ்சதும் தருவம்" என்றான். சட்டைக்கு அடியில் இடுப்பில் ஏதோ புடைத்திருந்தது. அவன் எந்தத் தரப்பு என்பதை நான் எழுதப் போவதில்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை.

அவன் போனபின் மூவரும் முற்றத்தில் நின்றோம். சாவடி மூடும் நேரம், வண்டியை அக்கரைக்குக் கொண்டுபோக முடியாது. ஒளிக்க இடமில்லை. உடைத்து வைத்தால் கேள்வி வரும், எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு போவார்கள்.

யோகா என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. "அண்ணன், ஓடவும் வேணும், ஆருக்கும் ஆசை வரவும் கூடாது. ஏலுமா?"

ஏலும். அது எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் கஷ்டம். டீசல் பாய வேண்டிய கணத்தைப் பம்பில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால், வண்டி ஓடும். ஆனால் வெள்ளைப் புகை கக்கும், ஏற்றத்தில் மூச்சு முட்டும். டர்போவின் குழாயைத் தளர்த்திவிட்டால் ஊதிய காற்று எஞ்சினுக்குப் போகாமல் வெளியே கசியும். வெளிச்சம் இருக்கும்போதே இரண்டையும் செய்து முடித்தேன். இத்தனை வருடத்தில் ஒரு வண்டியைக் கெடுப்பதற்காக நான் ஸ்பேனர் பிடித்ததில்லை. புதிதாக மின்னிய நட்டுகளில் நவம் கரியும் மண்ணும் பூசினான். எஞ்சினைப் போட்டுப் பார்த்தோம். இருமியது. யோகா தலையசைத்தாள்.

விடிந்தும் விடியாமலும் வேலிக்கு வெளியே அலறல் கேட்டது. அவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று ஓடினோம். வந்தது தங்கராசாவின் மனைவி. அதிகாலையிலேயே வட்டைக்கு, அதாவது வயற்காட்டுக்கு, கதிர்க்கட்டுகளைப் பார்க்கப் போன தங்கராசாவைப் பாம்பு கடித்துவிட்டது. இரண்டு பேர் அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கால் கணுக்கால்வரை வீங்கியிருந்தது. "புடையன்" என்றார்கள். எங்கள் ஊரில் கண்ணாடி விரியன் என்போமே, அது.

நான் ஸ்பேனரை எடுத்தேன். பம்பைப் பழையபடி பூட்டினால் பறந்து போகலாம். நவம் என் கையைப் பிடித்தான். "எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரமாவது ஆகும்."

"அப்ப ஏறு மச்சான். சுறுக்கா ஏறு."

பின்பக்கம் வைக்கோல் பரப்பித் தங்கராசாவைக் கிடத்தினோம். அவன் தலை என் மடியில். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களுக்குச் சமமாகவே மிதித்துக்கொண்டு வந்து, "என்ன நடந்த?" என்று விசாரித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கராசா முதலில் பேசிக்கொண்டிருந்தான், பிறகு வாந்தி எடுத்தான், பிறகு ஈறில் இரத்தம் கசிந்தது. என் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் குத்திக்கொண்டிருந்தது.

வாய்க்கால் பாலத்துக்கு மேலே ரோடு கூனல் போல ஏறும் ஓரிடம். அங்கே சேறு. வண்டி பாதி ஏற்றத்தில் குலுங்கி நின்றது. நவம் திரும்பவும் எடுத்தான், திரும்பவும் நின்றது. எதிரே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. முந்திய நாள் தேத்தண்ணி குடித்தவனும் இன்னும் மூன்று பேரும்.

அவன் இறங்கி வந்து புகையைப் பார்த்தான். பின்னால் எட்டிப் பார்த்தான். தங்கராசாவின் காலையும் வாயில் இரத்தத்தையும் கண்டதும் முகம் மாறியது. சாரத்தை மடித்துக் கட்டினான். "டேய், வாங்கடா" என்று மற்றவர்களைக் கூப்பிட்டு, பின் பலகையில் தோளைக் கொடுத்தான்.

நாலு பேரும் தள்ளினார்கள். அவன் முகம் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. நெற்றி நரம்பு புடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். சக்கரம் தெறித்த சேறு அவன் சட்டை முழுக்க. இந்த வண்டிக்கு இவன் தோள் தேவையே இல்லை என்பது அந்த இடத்தில் நவத்துக்கும் எனக்கும்தான் தெரியும். சொன்னால் வண்டி போய்விடும். சொல்லித் திரும்பப் பூட்டவும் தங்கராசாவுக்கு நேரமில்லை. சொல்லவில்லை. வண்டி மெல்ல மெல்ல மேலே ஏறியது.

"முந்தாநாள் நல்லா ஓடிச்சே, என்ன நடந்த?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்.

நவம் ஜன்னல் வழியாகச் சொன்னான். "பழசு தம்பி. ஒருநாள் ஓடும், ஒருநாள் படுக்கும்."

"போங்க, போங்க" என்று கையைக் காட்டினான். வண்டியை எடுக்க அவர்கள் அதன்பின் வரவில்லை.

வவுணதீவுச் சாவடியில் சாதாரணமாகப் பைகளைக் கொட்டிக் காட்ட வேண்டும். சிப்பாய் பின்னால் எட்டிப் பார்த்ததும் தடையைத் தூக்கிவிட்டுச் சிங்களத்தில் கத்தினான். "நிற்காதே, நிற்காதே, போ" என்கிறான் என்று புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். டாக்டர் இளைஞர், களைத்திருந்தார். "இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா நல்லம்" என்றார். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையாக இருக்கலாம். நவம் வராந்தாவின் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் உட்கார்ந்திருந்தோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வாசலில் ஒரு பெண் சுண்டல் விற்றாள். வாங்கி, பிரிக்காமலே பக்கத்தில் வைத்துவிட்டேன்.

தங்கராசா பிழைத்துக்கொண்டான். சிறுநீர் போகாமல் சில நாட்கள் எல்லோரையும் பயமுறுத்தினான். குதிகாலில் சதை அழுகி, வெட்டி எடுத்தார்கள். அந்தச் சதை அந்த ஏற்றத்தில் போனதா, பாம்பின் விஷத்திலேயே போக இருந்ததா என்று யாரிடம் கேட்பது?

அவனுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று தெரிந்த அன்று, யோகா ஸ்பேனர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வண்டியின் முன்னால் வைத்தாள்.

"எல்லாத்தையும் பழையபடி பூட்டுங்க அண்ணன்."

"எடுத்துக்கிட்டுப் போயிருவாங்கம்மா."

"எடுக்கட்டும். எங்களோட இருக்கிற மட்டும் நல்லா ஓடட்டும். இனி ஒராளக் கிடத்திக்கொண்டு அந்த ஏத்தத்தில நிக்க ஏலா."

பூட்டினேன். அவள் பக்கத்திலேயே நின்றாள். எந்த நட்டு எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும், பில்டரை எப்படித் தட்ட வேண்டும், டர்போ சூடு ஆறுவதற்குள் எஞ்சினை அணைக்கக் கூடாது என்பதெல்லாம் நவத்தைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன் நவத்தோடு தங்கராசாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து சுண்ட வறுத்த கூனி இறாலும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாய் திரும்பிவிட்டது. "அண்ணன், வண்டி நிண்ட உடன நான் முடிஞ்சன் எண்டு நினைச்சன். அண்டைக்கு ஏன் அது விசிலடிக்கல்ல?"

நவம்தான் உண்மையைச் சொன்னான், முழுவதையும், குரலைத் தாழ்த்தி. தங்கராசா சோற்றுக் கையைத் தட்டில் வைத்தான். கட்டுப்போட்ட காலைப் பார்த்தான். பிறகு, "நானெண்டாலும் அதத்தான் செஞ்சிருப்பன்" என்றான். ஒரு வாய்ச் சோறு எடுத்துக்கொண்டு, "ஆனா மச்சான், சரியான நோவு" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

அடுத்த மாரி தொடங்கும் முன் நவம் தொலைபேசியில் அழைத்தான். வண்டி போய்விட்டது. இம்முறை வந்தவர்கள் வேறு ஆட்கள், செருப்பைக் கழற்றாதவர்கள். அதற்கு முன் அது பழுகாமம் என்ற ஊர்வரை போய் நோயாளிகளை ஏற்றி வந்ததாம். இரண்டு பிரசவம், ஒரு நெஞ்சுவலி, எல்லோரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இறங்கினார்களாம். யோகாவே ஓட்டப் பழகியிருந்தாளாம்.

"போறப்ப எப்படி ஓடிச்சு?" என்று கேட்டேன். கேட்டபின்தான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று உறைத்தது.

அவன் கோபப்படவில்லை. "வட்டையில நிண்டு பார்த்தன் மச்சான். அந்த ஏத்தத்தில மூண்டாவது கியரிலயே ஏறிச்சு. புகையே இல்ல" என்றான்.

அந்தக் குரலில் இருந்த பெருமையை அவன் மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு இரண்டு பேருக்கும் தொலைபேசியை வைக்க மனம் வரவில்லை.